வானத்தில் தபால் சுமந்தவர் ஜே.ஆர்.டி. டாட்டா



இந்த மாதச் சுவரிதழுக்கு ஆளுக்கொரு பெரியவரைப் பற்றி எழுதணும்னு தமிழ் டீச்சர் சொன்னாங்க. சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தோம். எனக்கு அப்துல் கலாம் ஐயா வரணும்னு வேண்டிக்கிட்டேன். அவர் என் தோழிக்குப் போய்விட்டார். எனக்கு வந்தது ஜே.ஆர்.டி. டாட்டா. உப்புப் பாக்கெட்டிலும் லாரியிலும் டாட்டா என்று பார்த்திருக்கேன், அவ்வளவுதான். பணக்காரர் ஒருத்தரைப் பற்றி என்னத்த எழுதறதுன்னு முதலில் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டேன். நூலகப் புத்தகங்களைப் படிச்ச பிறகு அந்த எண்ணம் மாறிப்போச்சு. ஏன் மாறிச்சுன்னு கடைசியில் சொல்றேன். எங்க அப்பாயியும் இந்தக் கட்டுரையில் வருவாங்க.

முதலில் ஒரு கேள்வி

போன வாரம் கணக்கு சார் ஒரு கேள்வி கேட்டார். தூரம் ஒன்றுதான், ஆனால் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆகிறது. நம் ஊரில் அப்படி எது என்று. யாருக்கும் தெரியல. அவரே சொன்னார், நம்ம மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறி வர ஏறக்குறைய 5 மணி நேரம். இறங்கிப் போக மூன்றரை மணி நேரம்தான். தண்டவாளம் நீளவும் இல்ல, குறையவும் இல்ல.

அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஜே.ஆர்.டி. வாழ்க்கையைப் படிக்கப் படிக்கத்தான், அவர் வாழ்நாள் முழுக்க இந்த ஒரு கணக்கோடதான் போராடியிருக்கிறார் என்று தெரிந்தது.

கடற்கரையில் இறங்கிய விமானம்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா என்பது அவருடைய முழுப் பெயர். 1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரத்தில் பிறந்தார். அப்பா பார்சி இனத்தைச் சேர்ந்த இந்தியர். அம்மா சுசான் பிரெஞ்சுக்காரர். ஐந்து பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். வீட்டில் பேசியது பிரெஞ்சு மொழி. ஆங்கிலத்தை அவர் பிற்பாடுதான் நன்றாகக் கற்றுக்கொண்டார். ஆங்கிலப் பாடம் என்றாலே வயிறு கலங்குகிற நமக்கெல்லாம் இது எவ்வளவு ஆறுதல் பாருங்க!

விடுமுறைக்கு அந்தக் குடும்பம் ஹார்டெலோ என்ற கடற்கரை ஊருக்குப் போகும். லூயி பிளேரியோ என்பவருக்கும் அங்கே ஒரு வீடு இருந்தது. 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் உள்ள ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் தாண்டியவர் அவர்தான். அவருடைய விமானி அந்த மணலில் விமானத்தை இறக்குவாராம். நம்ம ஊரில் படப்பிடிப்பு நடந்தால் நாம எப்படி ஓடுவோமோ, அப்படி அந்தப் பையன் ஓடியிருப்பான்னு நினைக்கிறேன். 15 வயதில் அதே ஊரில் ஒரு விமானத்தில் சும்மா ஒரு சுற்று போய்வரும் வாய்ப்பு கிடைத்தது. இனி நாம் விமானிதான் என்று அன்றைக்கே மனசில் முடிவு பண்ணிவிட்டார். என் வயதைவிட ஒரு வயது கூட, அவ்வளவுதான்.

கஷ்டம் இல்லாத பணக்காரர் என்று நினைத்தேன்

1923இல் அவருடைய அம்மா காசநோயில் இறந்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் போய்ப் பொறியியல் படிக்க ரொம்ப ஆசைப்பட்டார். ஆனால் பிரெஞ்சு நாட்டுச் சட்டப்படி ஒரு வருஷம் ராணுவத்தில் இருக்க வேண்டியிருந்தது. அது முடிந்ததும் அப்பா இந்தியாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். 1925 டிசம்பரில் டாட்டா நிறுவனத்தில் சம்பளம் இல்லாத பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே அப்பாவும் இறந்துபோனார். 22 வயதில் தம்பி தங்கைகளைப் பார்க்கும் பொறுப்பு தலையில் விழுந்தது. கல்லூரிப் படிப்பு கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை. அந்தக் குறை அவருக்கு எப்போதும் இருந்தது. அதனால்தானோ என்னவோ, கிடைத்த புத்தகத்தை எல்லாம் ராத்திரி உட்கார்ந்து படிப்பாராம்.

1929இல் பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியர் ஆனார். அதே வருஷம் பிப்ரவரி 10ஆம் தேதி விமானம் ஓட்டும் உரிமம் வாங்கினார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் உரிமம் அது. அதில் போட்டிருந்த எண் 1. வகுப்பில் முதல் ரேங்க் வாங்குபவர்கள் பொறாமைப்பட வேண்டாம். அவர் ஒரு நாடு முழுவதற்கும் முதல்!

போட்டியில் தோற்றும் ஜெயித்தவர்

1930இல் ஆகாகான் அறிவித்திருந்த ஒரு போட்டி நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவில் தனியாக விமானம் ஓட்டிப் போகும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு. ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி என்ற 17 வயதுப் பையன் இங்கிலாந்திலிருந்து கிளம்பி எதிர்த் திசையில் வந்தான். இருவரும் எகிப்து நாட்டில் அபூகிர் என்ற இடத்தில் சந்தித்தார்கள். ஆஸ்பி அங்கே மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. அது இல்லாமல் இன்ஜின் ஓடாது.

தோழிகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீங்க? நானாக இருந்தால் பார்க்காத மாதிரி போயிருப்பேனோ என்னவோ. ஜே.ஆர்.டி. தன்னிடம் இருந்த உபரிப் பிளக்கை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பிதான் ஜெயித்தான். ஜே.ஆர்.டி. இரண்டாம் இடம். அந்த ஆஸ்பி எஞ்சினியர்தான் பிற்காலத்தில், 1960 முதல் 1964 வரை, இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர்.

1932 அக்டோபர் 15

இப்போது முக்கியமான நாளுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து வரும் கடிதங்களை ஒரு ஆங்கிலேய விமானக் கம்பெனி கராச்சி வரைக்கும் கொண்டுவந்து போட்டுவிடும். 1929இல் தொடங்கிய ஏற்பாடு அது. அப்போது பாகிஸ்தான் என்று தனி நாடு இல்லை. கராச்சியும் நம் நாட்டில்தான் இருந்தது. லண்டனிலிருந்து பறந்து வந்த கடிதம் அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயிலில் நாட்கணக்காக வரும். பாதி தூரம் கழுகு மாதிரி, பாதி தூரம் ஆமை மாதிரி.

நெவில் வின்சென்ட் என்பவர் இங்கிலாந்து விமானப்படையில் இருந்தவர். அவரும் ஜே.ஆர்.டி.யும் சேர்ந்து, கராச்சியிலிருந்து சென்னை வரைக்கும் கடிதங்களை நாமே விமானத்தில் கொண்டுபோகலாம் என்று திட்டம் போட்டார்கள். டாட்டா நிறுவனம் இரண்டு லட்சம் ரூபாய் முதல் போட்டது. அரசாங்கத்திடம் உதவித் தொகை கேட்டும் கிடைக்கவில்லை. சுமக்கிற கடிதத்துக்கு மட்டும்தான் காசு. கையில் இருந்தது இரண்டே இரண்டு சின்ன விமானம். பம்பாய் ஜூஹுவில் கடற்கரை ஓரத்துச் சேற்று நிலம்தான் விமான நிலையம், ஒரு ஓலைக் கொட்டகைதான் அலுவலகம். மழைக்காலத்தில் அந்த நிலம் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது மூட்டை கட்டிக்கொண்டு புனேவுக்குப் போய்விடுவார்கள்.

1932 அக்டோபர் 15, சனிக்கிழமை. காலை 6 மணி 35 நிமிடம். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து 25 கிலோ கடிதங்களோடு தனியாகக் கிளம்பினார். கீழே இருந்து வழி சொல்ல ரேடியோ கிடையாது, பக்கத்தில் இன்னொரு விமானியும் கிடையாது. நடுவில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே எண்ணெய் டின்கள் எதில் வந்து காத்திருந்தன தெரியுமா? மாட்டு வண்டியில்! விமானத்துக்கு மாட்டு வண்டி எண்ணெய் ஊற்றியிருக்கிறது. மறுபடியும் ஏறி, மதியம் 1 மணி 50 நிமிடத்துக்கு ஜூஹுவில் இறங்கினார்.

மொத்தம் 7 மணி 15 நிமிடம்.

அங்கிருந்து சென்னைக்குப் போகும் கடிதங்களை வின்சென்ட் எடுத்துக்கொண்டு கிளம்பினார். இருட்டில் பறக்க வசதி இல்லாததால் பெல்லாரியில் ராத்திரி தங்கி மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் தொடக்கம் என்று இந்தப் பயணத்தைத்தான் சொல்கிறார்கள்.

நானும் சாரும் போட்ட கணக்கு

இதைப் படித்ததும் அட்லசை எடுத்து, நூல் வைத்து அளந்து பார்த்தேன். கராச்சியிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் சுமார் 880 கிலோமீட்டர். அகமதாபாத் சுற்றி வந்தால் சுமார் 1,035 கிலோமீட்டர். அவருடைய விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர். 1,035ஐ 160ஆல் வகுத்தால் ஆறரை மணி நேரம்கூட முழுசா வரவில்லை. ஆனால் ஆனது 7 மணி 15 நிமிடம். மீதி முக்கால் மணி நேரம் எங்கே போச்சு?

சார் சிரித்துக்கொண்டே அகமதாபாத் மாட்டு வண்டியை ஞாபகப்படுத்தினார். இறங்குவது, எண்ணெய் ஊற்றுவது, மறுபடி ஏறுவது எல்லாம் சேர்த்துத்தானே பயண நேரம்! காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நமக்குத் தெரியாது, அதனால் இது தோராயக் கணக்குதான் என்றும் சொன்னார்.

இன்றைக்கும் இதே கதைதான். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு வான்வழியில் 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். அப்படின்னா அரை மணி நேரத்தில் போயிடணும். ஆனால் கால அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். ஏன்னா, நின்ற இடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து அந்த ஊரில் போய் நிற்கும் வரைக்கும் கணக்கு. ஓடுபாதைக்கு உருண்டு போகணும், தன் முறை வரும் வரை காத்திருக்கணும், மெல்ல மேலே ஏறணும், அதேபோல மெல்ல இறங்கணும். முழு வேகத்தில் போவது நடுவில் கொஞ்ச நேரம்தான். காற்றும் நம்ம மலை ரயிலுக்கு மேடு பள்ளம் மாதிரி. மும்பையிலிருந்து லண்டன் போகும்போது மேற்கிலிருந்து காற்று எதிர்த்து அடிப்பதால் நேரம் கூட ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுவதால் சீக்கிரம் வந்துவிடலாம்.

ஆகவே, இரண்டு ஊருக்கு நடுவில் உள்ள தூரம் பூமி போட்டது. நேரம் மட்டும் மனுஷங்க கையில் இருக்கிறது. அதை முழுசாப் புரிந்துகொண்டவர் ஜே.ஆர்.டி.

நேரம் தவறாதவர்

முதல் ஒரு வருஷத்தில் அந்தச் சின்ன விமானங்கள் 1,60,000 மைல் பறந்தன. 155 பயணிகளும் போனார்கள். வருஷம் முழுக்க மழை, வெயில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மேகம் எதுவாக இருந்தாலும் நேரம் தவறவில்லை. விமானத் துறை அறிக்கையே இதைப் பாராட்டியது. நம்மில் எத்தனை பேர் பிரேயருக்கு நேரத்துக்கு வருகிறோம் என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். (என்னையும் சேர்த்துத்தான்.)

பிறகு வழி நீண்டுகொண்டே போனது. 1935இல் திருவனந்தபுரம். 1938 பிப்ரவரியில் திருச்சி வழியாகக் கொழும்பு. இந்த இரண்டு ஊர்ப் பெயரையும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் வரும். அதே 1938இல் டாட்டா நிறுவனங்கள் அனைத்துக்கும் தலைவரானார். 1991 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பம்பாயில் 1941இல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும், விஞ்ஞானி ஹோமி பாபா கேட்டு 1945இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமும் அவர் காலத்தில் டாட்டா அறக்கட்டளைப் பணத்தில் வந்தவைதான்.

1942இல் உலகப் போர் நடந்தபோது நண்பர் வின்சென்ட் விமானப் பயணத்தில் உயிரிழந்தார். சென்னைக்கு முதல் வான்தபால் கொண்டுவந்த அவர் பெயர் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே இரண்டு மூன்று தடவை எழுதுகிறேன்.

1946இல் அந்தக் கம்பெனிக்கு ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948 ஜூன் 8ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் விமானம் கிளம்பியது. பெயர் மலபார் பிரின்சஸ். 35 பயணிகள். கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி ஜூன் 10ஆம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தது. ஜே.ஆர்.டி.யும் அதில் இருந்தார். இன்று மும்பையிலிருந்து லண்டனுக்கு எங்கும் இறங்காமல் பத்து மணி நேரம் போலத்தான் ஆகிறது.

தேநீர் விஷயம்

இது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக. 1953இல் அரசாங்கம் விமானக் கம்பெனிகளைத் தானே எடுத்துக்கொண்டது. ஜே.ஆர்.டி.க்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் ஏர் இந்தியாவுக்குத் தலைவராக இருக்கச் சொன்னபோது ஒத்துக்கொண்டார். அவர் விமானத்தில் போனால் சும்மா உட்கார மாட்டார். ஜன்னல் திரை, நாற்காலி, சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பு எழுதுவார். ஒருமுறை விமானத்தில் கொடுத்த தேநீரின் நிறத்தைப் பார்த்தால் அது தேநீரா காப்பியா என்றே தெரியவில்லை என்று எழுதினார். இலை சரியில்லையா, அல்லது அளவுக்கு மேல் ஊற வைத்துவிட்டார்களா என்றும் சந்தேகம் கேட்டார்.

இதை எங்க அம்மாகிட்ட சொன்னேன். அம்மா பதினெட்டு வருஷமாக் கொழுந்து பறிக்கிறாங்க. அந்த மனுஷனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்குன்னு பாராட்டினாங்க. எங்க அம்மா அவ்வளவு சுலபத்தில் யாரையும் பாராட்ட மாட்டாங்க.

1978இல் அன்றைய மத்திய அரசு அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. தான் கைக்குழந்தையிலிருந்து வளர்த்த கம்பெனி அது. மனசு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அவர் விமானத்தை வெறுத்துவிடவில்லை.

78 வயதில் மறுபடியும்

1982 அக்டோபர் 15. முதல் பயணத்துக்குச் சரியாக 50 வருஷம். அவருக்கு 78 வயது. நம்ம வீட்டுத் தாத்தாக்கள் அந்த வயதில் படி ஏறவே கைப்பிடி தேடுவாங்க. அவரோ ஒரே ஒரு இன்ஜின் உள்ள ஒரு பழைய காலத்துச் சின்ன விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு கராச்சியிலிருந்து மும்பைக்கு அதே வழியில் மறுபடியும் பறந்து வந்தார். 30ஆம் ஆண்டு நிறைவுக்கு 1962இலும் இதேபோலப் பறந்திருக்கிறார். இளைஞர்களுக்கு ஊக்கம் வரவேண்டும் என்பதற்காகத்தான் இந்த வயதில் இப்படிச் செய்ததாகச் சொன்னார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1932இல் அவர் கிளம்பிய கராச்சி நம் நாடு. 1982இல் அது வேறு நாடு. ஆனாலும் அன்றைக்கு வானத்தில் வழி இருந்தது. இன்று கராச்சிக்கும் மும்பைக்கும் நேரடி விமானம் கிடையாது. துபாய் மாதிரி வேறு ஒரு நாட்டுக்குப் போய் மாறித்தான் வரணும். 880 கிலோமீட்டர் தூரத்துக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றணும். விமானம் ஐந்து மடங்கு வேகமாகிவிட்டது. ஆனால் 1932இல் மாட்டு வண்டி எண்ணெய் ஊற்றிய பயணத்தைவிட இன்றைக்கு நேரம் கூட ஆகலாம்!

1992இல் அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1993 நவம்பர் 29ஆம் தேதி ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரிசிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். 2022 ஜனவரி 27ஆம் தேதி ஏர் இந்தியா மறுபடியும் டாட்டா குழுமத்துக்கே வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

எங்க அப்பாயியின் நீலக் கடிதம்

நான் முதலில் சொன்னேனே, எண்ணம் மாறிப்போச்சுன்னு. அதற்குக் காரணம் இதுதான்.

எங்க அப்பாயி இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவங்க. 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். நம்ம பள்ளியில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும், அவங்கவங்க வீட்டுக் கதைதான். 1974இல் 13 வயதில் அப்பாயி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு ரயிலில் திருச்சி வழியாக நீலகிரிக்கு வந்தாங்க. அவங்களோட ஒரே அண்ணன் அங்கேயே நின்னுட்டார். நாங்க அவரை ஹட்டன் தாத்தான்னு சொல்வோம்.

1983 ஜூலையில் இலங்கையில் பெரிய கலவரம். தோட்டப் பக்கங்களிலும் வீடுகளை எரித்தாங்க. அண்ணன் இருக்காரா இல்லையான்னே அப்பாயிக்குத் தெரியல. தினமும் வேலை முடிஞ்சு வந்து தபால்காரர் வழியில் நிற்பாங்களாம். இரண்டு மாசம் கழிச்சு ஒரு நீல நிற வான்கடிதம் வந்தது. எல்லாரும் உயிரோட இருக்கோம்னு அதில் இருந்தது. அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் படிச்சுச் சொன்னார். அதை இன்னும் ட்ரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வச்சிருக்காங்க. மடிப்பெல்லாம் கிழிஞ்சிருக்கு.

அந்தக் கடிதத்தை நான் நூறு தடவை பார்த்திருக்கேன். கடிதத்தை விமானத்தில் சுமக்கணும்னு ஒருத்தர் முதலில் நினைச்சிருக்கணும்னு ஒரு தடவைகூட யோசிச்சதில்ல. 25 கிலோ கடிதம்னு புத்தகத்தில் படிக்கும்போது அது எனக்கு வெறும் கணக்கா இருந்தது. அந்த 25 கிலோவிலும் இதே மாதிரி யாரோ ஒருத்தர் தெருவில் நின்னு காத்திருந்த கடிதம் இருந்திருக்கும் இல்லையா?

பிறகு நான் இன்னொரு கணக்கும் போட்டேன். எங்க ஊரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் 8 மணி நேரம். விமான நிலையத்துக்கு 3 மணி நேரம் முன்னாடி போயிடணும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். வெளியே வர ஒரு மணி நேரம். அங்கிருந்து ஹட்டனுக்கு ஒரு 5 மணி நேரம். கூட்டினால் 18 மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது ஒரே ஒரு மணி நேரம்.

ஆனால் அப்பாயி அண்ணனைப் பார்த்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. போனில் முகம் பார்த்துப் பேசுறாங்க. பேசி முடிச்சதும் போனைக் கவுத்து வச்சுட்டு சும்மா உட்கார்ந்திருப்பாங்க. 18 மணி நேரத்துக்கும் 50 வருஷத்துக்கும் நடுவில் இருப்பது தூரம் இல்லை. பாஸ்போர்ட் இல்லை, சேர்த்து வச்ச காசு இல்லை, தேயிலைக் கூலியில் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு, அதுதான். இந்தக் கணக்கை அப்பாகிட்ட காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டு, பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன சான்றிதழ் வேணும்னு விசாரிச்சு எழுதிட்டு வரச் சொன்னார். எழுதிக் கொடுத்திருக்கேன். பிறப்புச் சான்றிதழ் இடத்தில்தான் கொஞ்சம் சிக்கல். அப்பாயியோட பழைய குடும்ப அட்டையும் இந்தியா வந்தப்போ கொடுத்த தாளும் அதே ட்ரங்குப் பெட்டியில்தான் இருக்கு.

நாம் கற்றுக்கொள்வது

ஜே.ஆர்.டி. பூமியைச் சுருக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தைத்தான் சுருக்கினார். அதற்கு அவருக்குத் தைரியம் மட்டும் போதவில்லை. நேரம் தவறாமை, எதிராளிக்கும் உதவும் மனசு, ஒரு கோப்பைத் தேநீரைக்கூட விடாமல் கவனிக்கும் பழக்கம் எல்லாம் வேண்டியிருந்தது. இவற்றுக்குப் பணக்காரராகப் பிறக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அடுத்த முறை நம் மலைக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ஒரு விமானம் போனால் அண்ணாந்து பாருங்கள். அதிலும் யாருக்காகவோ யாரோ காத்திருக்கிறார்கள்.

படித்தவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்: கராச்சியிலிருந்து மும்பைக்கு 880 கிலோமீட்டரையும் எங்கும் இறங்காமல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் ஜே.ஆர்.டி. எத்தனை மணிக்கு ஜூஹுவில் இறங்கியிருப்பார்? விடையைத் தாளில் எழுதி ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் பக்கம் உள்ள பெட்டியில் போடவும். சரியான விடை அடுத்த மாத இதழில்.

அட்லஸ் கொடுத்து உதவிய சமூக அறிவியல் டீச்சருக்கும், கணக்கு சொல்லிக்கொடுத்த சாருக்கும், விமானப் படம் வரைந்து கொடுத்த என் தோழிக்கும், பெட்டியைத் திறந்து காட்டிய எங்க அப்பாயிக்கும் நன்றி. எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி